பாசியைக் குடிவைப்பதில் யார் கெட்டிக்காரர்: ராட்சதச் சிப்பியா, கல்பாசியா?

அக்கா மகன் அந்தமான் போய் வந்த கையோடு ஏற்காட்டுக்கு வந்திருந்தான். கடலில் தலையை அமிழ்த்தி எடுத்த படம் என்று கைபேசியை நீட்டினான். பவளப் பாறைகளுக்கு நடுவே வாய் திறந்தபடி ஒரு சிப்பி. ஓட்டின் விளிம்பில் மயில் கழுத்து நிறத்தில் நெளியும் சதை. "வெயில் காய்ந்தே பிழைக்கிறதாம், மாமா. இப்படி ஒன்று நம் மலையில் உண்டா?" என்றான். வாசலில் நின்ற சில்வர் ஓக் மரத்தைக் காட்டினேன். பட்டை முழுவதும் சாம்பல் நிறத்தில் லைக்கன் படர்ந்திருந்தது. அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையில் பட்டை, கிராம்போடு மடித்துத் தரும் கல்பாசியும் லைக்கன்தான். பெயரில்தான் பாசி, உடம்பில் பெரும்பங்கு பூஞ்சை. அதற்குள் மெல்லிய அடுக்காகப் பச்சைப்பாசி குடியிருக்கிறது. ராட்சதச் சிப்பிக்குள் குடியிருப்பது சூசாந்தெல்லே என்னும் பழுப்பு நிற ஒற்றைச் செல் பாசி. இரண்டு வீட்டிலும் பேச்சு ஒன்றுதான்: இடம் என்னுடையது, வெயிலில் சமைப்பது உன் வேலை, சமைத்ததில் எனக்குப் பங்கு. வீடு கட்டிய விதத்தில்தான் சங்கதி இருக்கிறது.

சிப்பி வீட்டின் வாசல் அதன் வயிறு. முட்டையிலிருந்து வரும் குஞ்சிடம் பாசி கிடையாது, தாய் கொடுத்தனுப்புவதில்லை. நீரில் மிதக்கும் பாசியை இரையோடு இரையாக விழுங்குகிறது. அதில் கொஞ்சம் செரித்துப்போகும். தப்பியவை, வயிற்றிலிருந்து கிளைவிடும் நுண்குழல்களில் ஏறி, ஓட்டின் விளிம்பில் விரியும் மேன்டில் என்ற சதைக்குப் போய்ச் சேருகின்றன. ஆக, பாசி சிப்பியின் உடம்புக்குள் இருக்கிறது. ஆனால் செல்லுக்குள் இல்லை. பக்கத்துப் பவளமோ பாசியைத் தன் செல்லுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. பவளம் விருந்தாளியைப் படுக்கையறைக்குள் விட்டது; சிப்பி திண்ணையில் பாய் போட்டது. எனக்குத் திண்ணைதான் பிடித்திருக்கிறது.

அடுத்ததைக் காபித் தோட்டக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். காபிச் செடிக்கு வெயில் வேண்டும், முழு வெயில் ஆகாது. அதற்காகத்தான் நிழல் மரம் வளர்த்து, கிளை கழித்து, வெளிச்சத்தை அளந்து விடுகிறார்கள். சிப்பியின் மேன்டிலில் இந்த வேலையைப் பார்ப்பவை இரிடோசைட் என்னும் மினுமினுக்கும் செல்கள். பாசிக்கு அதிகம் பயன்படாத பச்சை, மஞ்சள் ஒளியை வெளியே திருப்பிவிடுகின்றன. பயன்படும் நீலத்தையும் சிவப்பையும் சிதறடித்து உள்ளே இறக்குகின்றன. கீழே பாசிகள் தூண் தூணாக அடுக்கி நிற்கின்றன. சிதறிய வெளிச்சம் தூண்களின் பக்கவாட்டில் படுவதால் உச்சியில் இருப்பது கருகுவதில்லை, அடியில் இருப்பது பட்டினி கிடப்பதில்லை. அலிசன் ஸ்வீனியும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஏற்பாட்டை விளக்கியது. படத்தில் அக்கா மகன் சொக்கிப்போன அந்த மினுக்கத்தில் பாதி, பாசிக்கு வேண்டாத மிச்ச வெளிச்சம்!

வாடகை பெரும்பாலும் குளுக்கோஸாக வருகிறது. பதிலுக்குச் சிப்பியின் கழிவான அம்மோனியா பாசிக்கு உரமாகிறது. கரியமில வாயுவையும் சிப்பியே ஊட்டுகிறது: குழலின் சுவர்கள் உள்ளே அமிலத்தை இறைத்து, நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டைப் பாசி எடுத்துக்கொள்ளத் தோதான வாயுவாக மாற்றிக் கொடுக்கின்றன. வெயில் நன்றாக அடித்தால் ஓடும் வேகமாக வளர்கிறது. டிரிடாக்னா கைகாஸ் என்ற மிகப் பெரிய இனம் ஒரு மீட்டருக்கு மேல் நீண்டு 200 கிலோவைத் தாண்டுவதற்கு இந்தச் சமையல்தான் பெரிய பலம். இவ்வளவு கிடைத்தும், செவுளால் கடல்நீரை வடிகட்டிச் சாப்பிடும் பழைய பழக்கத்தை அது விட்டுவிடவில்லை. ஓர் அடுப்பு அணைந்தால் இன்னோர் அடுப்பு.

கல்பாசிக்கு அந்த இரண்டாம் அடுப்பு இல்லை. அதற்குள் இருக்கும் ட்ரெபூக்ஸியா என்னும் பச்சைப்பாசி ரிபிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலைக் கசியவிடுகிறது. பூஞ்சை அதை மேனிட்டாலாக மாற்றிச் சேர்த்துவைக்கிறது. வரவு குறைவு, வளர்ச்சி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். ஒரு குழம்புக்குக் கிள்ளிப் போடும் துண்டு எத்தனை வருட உழைப்போ!

ஆனால் சிப்பிக்குக் கைவராத வித்தை ஒன்று அதனிடம் இருக்கிறது. காய்ந்துபோகத் தெரியும். பங்குனி, சித்திரையில் மரப்பட்டையைத் தொட்டால் அப்பளம் போல நொறுங்கும். பூஞ்சை, பாசி இரண்டு பேருமே செத்துவிட்டதாகத்தான் தோன்றும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். இரவில் மஞ்சு இறங்கினால் போதும், மழைத்துளி வேண்டியதில்லை. பச்சைப்பாசி வைத்திருக்கும் லைக்கன் காற்றின் ஈரத்தை உறிஞ்சியே உயிர்பெற்று, விடிந்ததும் ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும். தெளிந்த, ஆழமில்லாத வெப்பக்கடலை விட்டால் சிப்பிக்குப் போக்கிடம் இல்லை. அந்தக் கடலும் கைவிடுவதுண்டு: 1998-இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் நீர் சூடேறியபோது பவளத்தோடு சிப்பிகளும் பாசியை இழந்து வெளுத்தன. லைக்கனுக்கு எமன் புகை. சேலத்தில் ஐந்து ரோடு பக்கத்து மரங்களில் இலை போல விரியும் வகையை நான் தேடியிருக்கிறேன்; கண்ணில் பட்டதில்லை.

வாரிசு விஷயத்தில் போட்டியே இல்லை. கல்பாசியின் விளிம்பில் மாவு மாவாக உதிர்வது, பூஞ்சை இழை சுற்றிய பாசிப் பொட்டலங்கள். காற்றில் போய் விழுந்த இடத்தில் ஜோடியாகவே குடும்பம் தொடங்கலாம். சிப்பிக் குஞ்சு ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக ஆள் பிடிக்க வேண்டும்.

குடியிருப்பவர் பக்கம் நின்று பார்த்தால் கதை புரளும். லைக்கன் என்பது இரண்டு உயிர்கள் என்று 1860-களில் சொன்ன சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர், பூஞ்சையை எசமான் என்றும் பாசியை அடிமை என்றும் வர்ணித்தார். அன்றைய லைக்கன் ஆய்வாளர்கள் அவர் மீது பாய்ந்தார்கள். இன்று பார்த்தால் அவர் ஒரேயடியாகப் பிசகிவிடவில்லை. ட்ரெபூக்ஸியாவைப் பூஞ்சை இழைகள் இறுகச் சுற்றியிருக்கின்றன. அது வெளியே தனியாக வாழ்வதைக் காண்பது அரிது. சிப்பியின் எச்சத்திலோ உயிருள்ள பாசிகள் வெளியேறுகின்றன. வெளியே வந்தவை மறுபடி கசையிழை என்ற சாட்டை வால் முளைத்து நீந்தவும் வல்லவை. வாசல் வழியே வந்தவர் கொல்லை வழியே போகலாம். குடிபோகச் சொன்னால் நான் சிப்பி வீட்டுக்குத்தான் போவேன். வீட்டுக்காரனாக இருக்கச் சொன்னால் லைக்கன் பூஞ்சையாக இருப்பேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அக்கா மகன் சிப்பிக் கட்சியிலேயே இருந்தான். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து மரப்பட்டையில் ஊற்றினேன். ஈரம் ஏற ஏறப் பூஞ்சையின் மேல்தோல் கண்ணாடி போலானது. உள்ளே இருந்த பச்சை சாம்பலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. அவன் கைபேசியை எடுத்துக்கொண்டு மரத்தருகே குனிந்தான். "இன்னொரு டம்ளர் கொண்டுவாருங்கள், மாமா" என்றான்.