தாடை வலி: நைட் கார்டா, பிசியோதெரபியா?

நான்கு மாதம் கொட்டாவி விடவே பயந்துகொண்டு இருந்தேன். வாயைத் திறந்தால் இடது காதுக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். காலையில் எழும்போது கன்னம் கல்லாக இறுகியிருக்கும். காதில்தான் கோளாறு என்று நினைத்துக் காதைக் காட்டினேன், அங்கே ஒன்றுமில்லை. கடைசியில் பல் மருத்துவர் இரண்டு வழி சொன்னார்: ராத்திரி மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு, அல்லது பிசியோதெரபி. இரண்டையும் பார்த்துவிட்டேன். இப்போது இரண்டாவதன் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கார்டு என்பது பல்லுக்கு அளவெடுத்துச் செய்த கெட்டியான அக்ரிலிக் தகடு. தூக்கத்தில் நறநறவென்று கடிப்பவர்களுக்குப் பல் தேயாமல் காப்பாற்றும். எனக்கும் காலை இறுக்கம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் மதியத்துக்குள் வலி பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஏனென்று பிசியோவிடம் போனபோதுதான் புரிந்தது. ஸ்கேலை வைத்து வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்தார்: 31 மில்லிமீட்டர். பெரியவர்களுக்குப் பொதுவாக 40 வரவேண்டும். நம் விரல் மூன்றைச் செங்குத்தாக வைத்தால் நுழைய வேண்டும். அப்புறம் கையுறை போட்ட விரலைக் கன்னத்தின் உள்பக்கம் விட்டு ஓர் இடத்தில் அழுத்தினார். வலி நெற்றிப்பொட்டு வரை பாய்ந்தது. "இப்பகூட பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்க" என்றார். உண்மைதான். சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், பற்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. நானோ வேலை பார்க்கும் நேரமெல்லாம் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ராத்திரிக் கார்டு பகலில் என்ன செய்யும்?

பயிற்சி எளிது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, அது பிரியாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூட வேண்டும். கண்ணாடி முன்னால் செய்தால் தாடை ஒரு பக்கம் கோணுவது தெரியும். ஒரு நாளைக்கு 6 தடவை, தடவைக்கு 6 முறை. இரண்டு மாதத்தில் 42 மில்லிமீட்டர். 'டக்' சத்தம் மட்டும் போகவில்லை. மூட்டுக்குள் இருக்கும் தட்டு இடம் மாறுகிற சத்தம் அது, வலி இல்லையென்றால் அதைத் துரத்த வேண்டாம் என்றார்.

எனக்கு முடிவு சொன்னது பராமரிப்பு. கார்டைத் தினமும் கழுவ வேண்டும், சூடு படாமல் வைக்க வேண்டும், தேய்ந்தால் புதிது வேண்டும். ஒரு பல்லுக்கு கேப் போட்டாலே பொருந்தாமல் போகலாம். பயிற்சிக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் சோம்பல் ஆகாது. ஊருக்குப் போன இரண்டு வாரம் விட்டேன், இறுக்கம் திரும்பிவிட்டது. இப்போது கணினித் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். கண்ணில் படும்போதெல்லாம் பல்லைப் பிரிக்கிறேன்.

வாய் பூட்டிக்கொண்டவர்கள், மூட்டுவாதம் உள்ளவர்கள் விஷயத்தில் என் அனுபவம் செல்லாது. அவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். ஆனால் கடி, அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தும் விதம், சரியாகும் என்று எடுத்த எடுப்பில் பல்லை ராவச் சொன்னால் யாரானாலும் இன்னொரு மருத்துவரையும் கேட்டுவிடுங்கள். ராவிய பல் திரும்ப வளராது.

கார்டைத் தூக்கிப் போடவில்லை. வேலை நெருக்கும் வாரங்களில் ராத்திரி மாட்டிக்கொள்கிறேன்.