கைட்ஸா, பறவை பார்க்கும் குழுவா, வாரக்கடைசி முகாமா? பெங்களூருவில் பிள்ளைகளை எதில் சேர்ப்பது

மே மாதம் முடியப்போகிறது என்றால் அல்சூர் ஏரிக்கரையில் காலை நடை வருகிற தமிழ்ப் பெற்றோர் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்: "பிள்ளை எப்பப் பார்த்தாலும் வீட்டுக்குள்ளயே இருக்கான். வெளியில ஏதாவது குரூப்புல சேர்க்கணும், எதுல சேர்க்கலாம்?"

என் மகள் நான்கு வருடமாகக் கைட்ஸில், அதாவது பெண் பிள்ளைகளுக்கான சாரணர் இயக்கத்தில், இருக்கிறாள். மகன் பறவை பார்க்கும் குழுவோடு லால்பாக் போகிறான். இரண்டு பேருமே தனியார் சாகச முகாம்களுக்கும் போய் வந்திருக்கிறார்கள். மூன்றையும் கூடவே நின்று பார்த்ததில், நான் எடைபோடுவது ஒன்றை வைத்துத்தான். அங்கே பிள்ளையை நம்பி என்ன வேலையை ஒப்படைக்கிறார்கள்?

முதலில் சாகச முகாம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதைத்தான் முதலில் தேடுகிறார்கள். சனிக்கிழமை விடிவதற்குள் பஸ் கிளம்பும். ராமநகராவிலோ சாவனதுர்காவிலோ பாறை ஏறுவது, கயிற்றில் இறங்குவது, இரவு டென்ட், மறுநாள் மாலை வீடு. சாவனதுர்கா கடல்மட்டத்திலிருந்து 1,226 மீட்டர் உயரம், ஒரே கல்லாக எழுந்து நிற்கிற மலை. அதன் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதே ஒரு பிள்ளைக்குப் பெரிய அனுபவம். என் மகள் ஒன்பது வயதில் கயிற்றில் இறங்க இரண்டு முறை மறுத்து, மூன்றாவது முறை அழுதுகொண்டே இறங்கினாள். உயரத்தின் மேல் இருந்த பயம் அன்றைக்குப் பாதி போனது. அந்த லாபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கயிற்றைக் கட்டியது பயிற்சியாளர். டென்ட் முன்பே அடித்து வைத்திருந்தார்கள். சோறு பாத்திரத்தில் வந்து இறங்கியது. பிள்ளை அங்கே விருந்தாளி. அடுத்த முறை போனால் கூட வருகிற பிள்ளைகள் வேறு, பயிற்சியாளரும் வேறு. இன்னொன்று, ஒரு முகாமில் மழை பெய்து வழுக்கிக் கிடந்த பாறையில், நேரமாகிவிட்டது என்று பிள்ளைகளை அவசரமாக இறக்கினார்கள். யாருக்கும் அடிபடவில்லை, ஆனாலும் அன்று நான் நிம்மதியாக மூச்சு விட்டது கீழே வந்த பிறகுதான். பணம் கட்டும் முன் எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர், மழை வந்தால் என்ன செய்வார்கள், பக்கத்து மருத்துவமனை எது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்த முகாம் வேண்டாம்.

பறவை பார்ப்பது இதற்கு நேர் எதிர். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு லால்பாகில் பறவை பார்ப்பவர்கள் கூடுவது இந்த ஊரில் பல பத்தாண்டுப் பழக்கம். யார் வேண்டுமானாலும் போகலாம். காலையில் சீக்கிரம் எழ வேண்டும், ஒரு நோட்டு வேண்டும், பேசாமல் நடக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மூன்றாவதுதான் கஷ்டம்! பத்துப் பேர் நடக்கும்போது "குக், குக், குக்" என்று தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது செம்மார்புக் குக்குறுவான். பார்த்துவிட வேண்டும் என்று ஒரு அத்திமரத்தடியில் என் மகன் இருபது நிமிடம் அசையாமல் நின்றான். வீட்டில் சாப்பாட்டு முன் ஐந்து நிமிடம் உட்கார மாட்டான்.

அங்கே மொழியும் சேர்ந்து வருகிறது. எங்கள் அம்மா செம்போத்து என்று சொல்கிற பறவையை, கூட வந்த கன்னடக்காரப் பெரியவர் கெம்பூத என்றார். நம் செவி அவர்களுக்குக் கிவி, நம் செம்போத்து அவர்களுக்குக் கெம்பூத. மகனுக்கு அது புதையல் கிடைத்த மாதிரி. லால்பாகின் பாறை சுமார் 300 கோடி ஆண்டு பழையது என்று அதே பாறை மேல் உட்கார்ந்து கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் மறக்காது.

பொறுப்பும் உண்டு, ஆனால் சின்ன அளவில். பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் பார்த்ததை எண்ணி இபேர்ட் (eBird) என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் போதும், அது ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படும் தரவு. அல்சூர் ஏரியில் கூழைக்கடா எத்தனை என்று எண்ணும்போது, தான் தப்பாக எண்ணினால் கணக்கே தப்பாகிவிடும் என்று என் மகன் மறுபடி மறுபடி எண்ணினான். குறை என்னவென்றால், கூட நடப்பவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். அவன் வயதுப் பிள்ளைகளோடு சண்டை போட்டு, சமாதானமாகி, சேர்ந்து ஒரு வேலையை முடிக்க அங்கே இடமில்லை.

அந்த இடம் ஸ்கவுட்ஸ், கைட்ஸில்தான் இருக்கிறது. இந்தியாவில் ஸ்கவுட் இயக்கம் தொடங்கியதே நம் ஊரில்தான், 1909-ல் பிஷப் காட்டன் ஆண்கள் பள்ளியில். அப்போது இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. அதனால்தான் அன்னி பெசன்ட் 1916-ல் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனி ஸ்கவுட் சங்கம் தொடங்கினார். இப்படித் தனித்தனியாக இருந்தவை சுதந்திரத்துக்குப் பிறகு 1950-ல் பாரத் ஸ்கவுட்ஸ் அண்டு கைட்ஸ் என்று ஒன்றாயின. தொட்டபள்ளாபுரத்தில் பிள்ளைகள் முகாம் போகிற இடத்துக்கு அன்னி பெசன்ட் பெயர்தான்.

வாராவாரம் அங்கே நடப்பது வெளியிலிருந்து பார்க்க ரொம்பச் சாதாரணம்: கொடி, விளையாட்டு, முடிச்சு, முதலுதவி, திசைகாட்டி. ஆனால் ஒவ்வொரு முடிச்சுக்கும் காரணம் தெரிந்தாக வேண்டும். கட்டுத்துணியின் நுனிகளை ரீஃப் நாட்டால் சேர்ப்பது, அது தட்டையாக இருந்து காயத்தை உறுத்தாது என்பதால். ஆளைத் தூக்க போலைன், ஏனென்றால் அந்த வளையம் இறுகாது. இரண்டு கழிகளைச் சேர்த்துக் கட்ட பெரும்பாலும் க்ளோவ் ஹிட்ச்சில் ஆரம்பிப்பார்கள். முகாமில் செருப்பு வைக்கும் ஸ்டாண்டு, தட்டு கழுவி வைக்கும் மேடை எல்லாம் பிள்ளைகள் கட்டுவதே. சரியாகக் கட்டாவிட்டால் தட்டு மண்ணில் விழும், மறுபடி கழுவ வேண்டும்.

இதைவிட முக்கியமானது பேட்ரோல். ஆறிலிருந்து எட்டுப் பேர், அவர்களிலேயே ஒருத்தி தலைவி. என் மகள் இருப்பது தாமரை பேட்ரோல். ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒரு உருதுப் பிள்ளை, மற்றவர்கள் கன்னடம், அதனால் வேலை நடப்பது கன்னடத்தில். ஐந்து வருடம் பள்ளிப் பாடத்தில் வராத கன்னடம் இரண்டு முகாமில் வந்துவிட்டது. ஒரு இரவு மழையில் டென்ட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, கேப்டனை (குழுவை நடத்துகிற பெரியவர்) எழுப்பாமல் பதினான்கு வயது தலைவி எல்லோரையும் எழுப்பி, பைகளை நடுவில் குவித்து, சுற்றி வாய்க்கால் வெட்டியிருக்கிறாள். சின்னவர்கள் இரண்டு பேரை மட்டும் தூங்கவிட்டாளாம். இதை எந்தக் கட்டணம் கட்டியும் வாங்க முடியாது.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. மகளை முதலில் சேர்த்த பள்ளியில் ஸ்கார்ஃபும் தொப்பியும் போட்டு, விழாவுக்கு வரும் பெரிய மனிதர்களை வரவேற்க வாசலில் நிறுத்துவதோடு சரி. ஒரு வருடத்தில் ஒரு நெருப்பு மூட்டவில்லை. த்விதீய சோபான், த்ரிதீய சோபான் என்று படிகளைத் தாளில் மட்டும் ஏறி, மாநில விருதான ராஜ்ய புரஸ்கார் வரை ஓட வைக்கிற இடங்களும் உண்டு. அப்படிப்பட்டதில் இருப்பதைவிட லால்பாகே மேல்.

என்.சி.சி. பற்றியும் கேட்கிறார்கள். அது 13 வயதுக்கு மேல், பள்ளியில் யூனிட் இருந்தால்தான். டிரில், துப்பாக்கிப் பயிற்சி, இரண்டு வருடத்தில் 'ஏ' சான்றிதழ். ராணுவத்தில் ஆசையுள்ள பிள்ளைக்கு நல்லது. கட்டளை மேலிருந்து வரும் என்பதால் நான் தேடுவது அங்கே குறைவு.

பத்து வயதுக்குள் என்றால் பறவை பார்க்கட்டும், நீங்களும் கூடப் போங்கள். பத்துக்கு மேல் கைட்ஸ் அல்லது ஸ்கவுட்ஸ். பள்ளியில் சரியில்லை என்றால் பள்ளிக்கு வெளியே நடக்கும் ஓப்பன் குரூப்பைத் தேடுங்கள். சாகச முகாம் வருடத்துக்கு ஒரு முறை போதும்.

சேர்க்கும் முன் கேப்டனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். போன வருடம் பிள்ளைகள் எத்தனை இரவு டென்ட்டில் தூங்கினார்கள்? சமைத்தது யார்? இப்போதிருக்கிற குரூப்பில் நான் கேட்டபோது அந்த அம்மா சொன்னார், "ஆறு ராத்திரி. பிள்ளைங்கதான் சமைச்சாங்க. முதல் நாள் சாதம் குழைஞ்சிடுச்சு, அதையே சாப்பிட்டோம்." அன்றைக்கே சேர்த்துவிட்டேன்.