இருபத்தொரு அங்குலப் பெட்டியா, ஐம்பத்தைந்து அங்குலப் பலகையா?

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில் 21 அங்குல பிக்சர் டியூப் டிவி ஒன்று 2025 தீபாவளி வரை ஓடிக்கொண்டிருந்தது. முலுண்டில் மைத்துனர் வீட்டுக் கூடத்தில் 55 அங்குல 4கே டிவி. இரண்டிலும் அதே தமிழ் சேனல், அதே வகைக் கேபிள் இணைப்பு. மைத்துனர் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்த அப்பா, செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "அங்கே எல்லார் முகத்திலும் மெழுகு பூசியிருக்கிறது. நம் பெட்டியே தேவலை."

வயதானவரின் பிடிவாதம் என்று மைத்துனர் சிரித்தார். கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஹெச்டி அல்லாத சாதாரண சேனலில் ஒரு படத்துக்கு அகலத்தில் 720, உயரத்தில் 576 புள்ளிகள். பெருக்கினால் 4,14,720. 4கே திரையில் 3840-க்கு 2160, பெருக்கினால் 82,94,400. சரியாக 20 மடங்கு. கேபிளில் ஒரு புள்ளி வந்தால் மீதிப் பத்தொன்பதை டிவி தானே ஊகித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு கரண்டி மாவை இருபது தோசையாக இழுக்கிற காரியம் இது. போதாததற்கு, நூற்றுக்கணக்கான சேனல்களை ஒரே கம்பிக்குள் அடைப்பதற்காகப் படத்தை ஏற்கெனவே நசுக்கித்தான் அனுப்புகிறார்கள். நசுக்கியதில் விழுந்த கட்டங்கட்டமான தழும்புகளும் பெரிய திரையில் பெரிதாகத் தெரியும். அவற்றை மறைக்க டிவிக்குள் இருக்கும் சில்லு (சிப்) முகங்களை வழவழப்பாக்குகிறது. அப்பா கண்ட மெழுகு அதுதான்.

பழைய பெட்டிக்கு இந்த வம்பே இல்லை. நம் நாட்டு ஒளிபரப்பு முறையில் 625 கோடுகள். அவற்றில் படத்தைச் சுமப்பவை 576. நொடிக்கு 50 அரைப்படங்கள்: ஒருமுறை ஒற்றைப்படைக் கோடுகள், மறுமுறை இரட்டைப்படைக் கோடுகள். டியூப் டிவி அவற்றை வந்த வரிசையில் எலக்ட்ரான் கற்றையால் வரைந்துகொண்டே போகும். எந்தப் படத்துக்காக அது செய்யப்பட்டதோ அந்தப் படம்தான் கேபிளில் இன்னும் வந்துகொண்டிருந்தது. ஓடுகிற பந்தும் அதில் இழுபடாது. கற்றை பட்ட புள்ளி ஒளிர்ந்த வேகத்தில் அணைந்துவிடும். தட்டைத் திரையில் ஒவ்வொரு படமும் அடுத்தது வரும் வரை அப்படியே நிற்பதால், நகரும் பொருளின் ஓரம் நம் கண்ணுக்குக் கலங்கித் தெரிகிறது.

ஆக, டிவி வாங்குகிறவர் முன்னால் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. பெட்டி எது என்பது ஒன்று. அதற்குள் படம் எந்த வழியாக வருகிறது என்பது மற்றொன்று. முதலாவதில் பணத்தைக் கொட்டிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிற வீடுகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

டியூபுக்காக வாதாடினாலும்

அதற்காகப் பழசுக்குக் கோயில் கட்டவேண்டியதில்லை. 29 அங்குல டியூப் டிவியை லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏற்றியவர்களுக்கு அதன் எடை இன்னும் முதுகில் இருக்கும். அரை அறையை அடைத்துக்கொள்ளும் அதன் பின்புறம், மும்பையின் பத்துக்குப் பத்து அறைகளில் ஒரு ஆளுக்கான இடம். உள்ளே பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம். அது தூசியை இழுக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் "சிர்" என்று ஓசை வரும். கண்ணாடியில் ஈயம் வேறு.

பழுது பார்ப்பதில் மட்டும் பழசுக்கு ஈடில்லை. மின்தேக்கி போனால் மின்தேக்கி, டிரான்ஸ்பார்மர் போனால் டிரான்ஸ்பார்மர். மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் உதிரி பாகத்தை வாங்கி வந்து, தெருமுனை மெக்கானிக் மாலைக்குள் முடித்துவிடுவார். தட்டை டிவியில் மின்பலகை போனால் மாற்றலாம். பேனலே, அதாவது படம் தெரியும் திரையே, உடைந்துவிட்டால், மாற்றுச் செலவு பல நேரம் புது டிவியின் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். குழந்தைகள் பந்து விளையாடும் கூடத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

ஒலியிலும் பழசு ஒரு படி மேல். அன்றைய பெட்டிகள் பலவற்றில் ஒலிபெருக்கி நம்மைப் பார்த்து இருந்தது. மெல்லிய டிவிகளில் அது கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கிறது. காது சற்று மந்தமானவர்களுக்கு முதலில் தொலைவது வசனம்தான். டிவிக்குத் தள்ளி வைக்கும் பணத்தில் ஒரு பகுதியைச் சின்ன சவுண்ட்பாருக்கு ஒதுக்குவது நல்லது.

தட்டை டிவியின் இன்னொரு பழைய வகையான பிளாஸ்மாவை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். கறுப்பும் அசைவும் அதில் அருமை. சூடும் மின்செலவும் அதிகம். பெரிய நிறுவனங்கள் 2013, 2014 வாக்கில் உற்பத்தியை நிறுத்திவிட்டன. யாராவது பழையதை மலிவாகத் தருகிறேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எல்இடி, கியூஎல்இடி, ஓஎல்இடி

கடையில் குழப்புவது இந்த மூன்று பெயர்கள்தான். எல்இடி டிவி என்பது எல்சிடி டிவிதான், அதாவது பின்விளக்கின் ஒளியைத் திரவப் படிகத் திரை வடிகட்டிப் படமாக்கும் வகை. முன்பு திரைக்குப் பின்னால் மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன, இப்போது எல்இடி விளக்குகள் இருக்கின்றன, அவ்வளவே. கியூஎல்இடியும் அதே எல்சிடிதான். விளக்குக்கும் திரைக்கும் இடையே நிறத்தைத் தூயதாக்கும் குவாண்டம் புள்ளிப் படலம் ஒன்று கூடுதல். மினி எல்இடியில் பின்விளக்குகள் பொடிப்பொடியாகிப் பகுதி பகுதியாக அணைந்து எரியும். ஓஎல்இடி ஒன்றுதான் உண்மையிலேயே வேறு சாதி. அதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். அணைந்த புள்ளி முழு இருட்டு. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவருக்கு அதற்கு நிகர் ஏதுமில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் டிவி எப்படி ஓடுகிறது? காலை ஆறு மணிக்குப் பக்தி சேனல், பிறகு செய்தி, மதியம் முதல் இரவு வரை தொடர்கள். மூலையில் சேனலின் முத்திரை நாள் முழுக்க அசையாமல் நிற்கும். செய்தி சேனல் என்றால் கீழே சிவப்புப் பட்டையும் சேர்ந்துகொள்ளும். ஓஎல்இடியின் கரிமப் பொருள் எரிய எரியத் தேய்வது. ஒரே இடத்தில் ஒரே உருவம் ஆயிரக்கணக்கான மணி நேரம் நின்றால் அதன் நிழல் நிரந்தரமாகப் படிந்துவிடலாம். படத்தை நுணுக்கமாக நகர்த்துவது போன்ற தற்காப்புகள் வந்திருக்கின்றன. ஆபத்து குறைந்திருக்கிறதே ஒழிய ஒழியவில்லை. பகல் முழுக்க ஒரே சேனல் ஓடும் வீட்டுக்கு ஓஎல்இடி வாங்குவது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிணற்றில் நீர் இறைப்பது மாதிரி.

எல்சிடி வகைக்குள்ளேயே விற்பனையாளர் வாயைத் திறக்காத ஒரு வேறுபாடு உண்டு: பேனல் ஐபிஎஸ்ஸா, விஏவா? விஏவில் கறுப்பு ஆழமாக இருக்கும், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ்ஸில் கறுப்பு சாம்பல் பூத்திருக்கும், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. டிவிக்கு நேர் எதிரே சோபா போட இடமிருக்கும் வீட்டுக்கு விஏ நல்லது. எங்கள் கூடத்தில் ஒருவர் கட்டிலில், ஒருவர் சமையலறை வாசலில், பேரன் தரையில். டிவிக்கு நேர் எதிரே இருப்பது அலமாரி. எங்களுக்கு ஐபிஎஸ்தான். கடையில் சோதிப்பது எளிது: டிவிக்கு முன்னால் நிற்காமல், பக்கத்துச் சுவர் வரை நடந்து போய்ப் பாருங்கள்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணப் பார்வையுள்ள கண், 43 அங்குலத் திரையின் முழு ஹெச்டி (1920-க்கு 1080) புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய ஏறத்தாழ 1.7 மீட்டருக்குள் வரவேண்டும். அந்தத் திரையில் 4கேயின் முழு நுணுக்கம் வேண்டுமானால் ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் உட்கார வேண்டும். பத்தடி தள்ளி உட்காருகிறவருக்கு 43 அங்குல 4கேயும் 43 அங்குல முழு ஹெச்டியும் ஒன்றே. சாதாரண சேனல் மட்டுமே பார்க்கும் வீட்டுக்கு 1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட 32 அங்குல டிவியே போதும். இட்டுக்கட்ட வேண்டியது இரண்டரை மடங்குதான். வரியிலும் 32 அங்குலத்துக்கு முன்பு சலுகை இருந்தது. அதற்கு மேற்பட்ட அளவுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கிய பிறகு அந்த இடைவெளி மறைந்துவிட்டது.

மொட்டைமாடி, ஜன்னல், சுவர்

பம்பாயில் தொலைக்காட்சி 1972 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அப்பா அதற்கு நான்கு ஆண்டு முன்பே திருநெல்வேலியிலிருந்து வந்தவர். எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது எண்பதுகளில். மொட்டைமாடியில் மீன்முள் ஆன்டெனா, அதன்மேல் காக்கை, படத்தில் எறும்பு. மாதக் கட்டணமே கிடையாது, தமிழும் கிடையாது. ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போடுவார்கள். தமிழுக்கு முறை வரும் வாரம் எங்கள் கட்டடத்துத் தமிழர்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டில்தான். 1993-இல் தமிழுக்குத் தனியார் செயற்கைக்கோள் சேனல் வந்ததும் ஆன்டெனாவின் கதை முடிந்தது.

இன்று போட்டி கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் பைபர் இணையத்துக்கும் இடையே.

மும்பையில் இதை முடிவுசெய்வது மழை. வீட்டு டிஷ் பிடிக்கும் அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். அடைமழையில் துளிகள் அதை விழுங்கியும் சிதறடித்தும் விடுகின்றன. ஜூலை மாதத்தில் தொடரின் முக்கியமான கட்டத்தில் "சிக்னல் இல்லை" என்று திரை நீலமாவது இதனால்தான். கேபிள் நிறுவனங்களின் பெரிய தட்டுகள் பெரும்பாலும் பிடிப்பது ஏழெட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள அலையை. மழை அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆகவே கொட்டும் மழையில் கேபிளுக்கு வெற்றி, கம்பி அறுகாத வரையில். கட்டடத்துக்குக் கட்டடம் தாவிச் செல்லும் அந்தக் கம்பியின் மேல் மரக்கிளை விழுந்தாலோ, இணைப்பில் தண்ணீர் புகுந்தாலோ, வருகிறேன் என்று சொன்ன பையன் வருவதற்கு மூன்று நாள். டிஷ்ஷில் மழை விட்ட ஐந்தாவது நிமிடம் படம் திரும்பிவிடும். ஐந்து நிமிடம் போவதா, மூன்று நாள் போவதா என்று கேட்டால் என் ஓட்டு டிஷ்ஷுக்கு. (சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய 2005 ஜூலை 26 மாதிரி நாள்களில் இந்த ஒப்பீடுகளுக்கு அர்த்தமில்லை. அன்று எங்களுக்குச் செய்தி சொன்னது பேட்டரி ரேடியோ.)

டிஷ்ஷுக்கு ஜாதகம் போலத் திசை பொருந்தவேண்டும். நமக்கான செயற்கைக்கோள்கள் மும்பையிலிருந்து பார்த்தால் தெற்கும் தென்கிழக்குமாக, பாதி வானத்துக்கும் மேலே நிற்கின்றன. ஜன்னல் வடக்கு நோக்கி இருந்தால் மொட்டைமாடிதான் கதி. அதற்குக் குடியிருப்பு சொசைட்டி செயலாளரின் கையெழுத்து வேண்டும். எதிரே புதிதாக நாற்பது மாடி எழும்பினால் அதுவும் போயிற்று.

தமிழுக்கு வருவோம். 2012 அக்டோபர் 31-க்குள் மும்பையில் கேபிள் முழுக்க டிஜிட்டலாக வேண்டும் என்று வந்த விதிதான் செட்டாப் பாக்ஸை எல்லா வீட்டிலும் உட்கார வைத்தது. 2019 பிப்ரவரியில் சேனலுக்குச் சேனல் விலை வந்தது. எங்கள் கேபிள்காரர் தரும் தொகுப்பு இந்தியும் மராத்தியுமாக இருக்கும். தமிழைத் தனியே கேட்டு வாங்கவேண்டும், அதிலும் ஹெச்டி கேட்டால் "இந்த ஏரியாவில் யாரும் கேட்பதில்லை" என்பார். டிஷ்ஷில் தமிழ்த் தொகுப்பைச் சென்னைக்காரர் வாங்குவதுபோலவே வாங்கலாம், ஹெச்டி உட்பட. மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ் நல்ல ஏற்பாடுதான், பெரும்பாலும் இந்தி. அதை நம்பித் தமிழ்த் தொடர் பார்க்க முடியாது.

பைபரில் படத்தின் தரம் மூன்றிலும் உயர்வு. 4கே டிவிக்கு உண்மையான 4கே ஊட்ட வேறு வழியும் அநேகமாக இல்லை. அதற்கு 15 முதல் 25 எம்பிபிஎஸ் வேகம் நிலையாக வந்தால் போதும். குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு சேனல் ஒரு செயலியில், அடுத்தது இன்னொன்றில். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல். எண் 7-ஐ அழுத்தினால் சேனல் வந்த காலத்து மனிதருக்கு இது தண்டனை. கிரிக்கெட்டிலும் இணையம் பல நொடிகள் பின்தங்கும். பக்கத்து வீட்டில் "அவுட்!" என்று கத்திய பிறகுதான் நம் பந்து வீச்சாளர் ஓடிவரத் தொடங்குவார்.

நாங்கள் வாங்கியது 43 அங்குல ஐபிஎஸ் எல்இடி. 4கேதான், அந்த அளவில் கடையில் முழு ஹெச்டி கேட்டால் பழைய சரக்கைத் துழாவுகிறார்கள். தென்கிழக்கு ஜன்னல் கிரில்லில் டிஷ், தமிழ் ஹெச்டி தொகுப்பு. பைபர் பேரனுக்கு. முதல் நாள் இரவே செட்டிங்கில் உட்கார்ந்து 'ஷார்ப்னஸ்' எண்ணைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்தேன். அது இருந்தால் சினிமா கூட நாடகம் போலத் தெரியும்.

மறுநாள் காலை அப்பா கறுப்பு வெள்ளைப் பாட்டு ஒன்றைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். எம்.ஜி.ஆர். தடித்திருந்தார். பழைய 4-க்கு 3 படத்தை 16-க்கு 9 திரை முழுக்க இழுத்தால் எவருக்கும் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அதையும் சரிசெய்தேன், இருபுறமும் கறுப்புப் பட்டை வந்தது. "இவ்வளவு பெரிய டிவி வாங்கிவிட்டு நடுவில் மட்டும் பார்க்கச் சொல்கிறாயே" என்றார் அப்பா. ஆனாலும் மாற்றச் சொல்லவில்லை.