கேள்வி நேர நேரலை: நோட்டுப் புத்தகத்தோடு பார்த்து எழுதிய மதிப்பீடு

தமிழ்நாடு சட்டப் பேரவையின் கேள்வி நேரம் 2022 ஜனவரியில் முதன்முறையாக நேரலைக்கு வந்தது. கொரோனாவின் காரணமாக அவை அப்போது கோட்டையை விட்டு வாலாஜா சாலையிலுள்ள கலைவாணர் அரங்கத்தில் கூடிக்கொண்டிருந்தது. அந்த முதல் நாளிலிருந்து, பேரவை கூடும் காலங்களில் இயன்றவரை விடாமல் பார்த்து வருகிறேன். தென்சென்னையில் தாழ்வான பகுதி ஒன்றின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். மழைநீர் வடிகால், குடிநீர், பேருந்து, ரேஷன் கடை என்று எங்கள் சங்கக் கோப்புகளில் உள்ள ஒவ்வொரு மனுவும் ஏதோ ஓர் அமைச்சரின் துறைக்குள்தான் போய்ச் சேருகிறது. ஆகவே இந்த ஒரு மணி நேரத்தை ஒரு பொதுச் சேவையாகக் கருதி, அது எனக்கு எந்த அளவுக்குப் பயன்பட்டது என்பதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதற்குக் கட்டணம் இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை. செய்தி மக்கள் தொடர்புத் துறையின் யூடியூப் அலைவரிசையில் கைப்பேசியிலேயே பார்க்கலாம். முன்பெல்லாம் அவையில் யார் என்ன கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார் என்பதை மறுநாள் நாளிதழில் நான்கு வரியாகத்தான் படிப்போம். அந்த நான்கு வரியில் நம்முடைய பகுதி இடம்பெறுவது அபூர்வம். இப்போது கேள்வியையும் விடையையும் கேட்டவர், சொன்னவர் வாயிலிருந்தே முழுமையாகக் கேட்கிறோம். நான் பேரவையின் பார்வையாளர் மாடத்தில் ஒரு முறை அமர்ந்திருக்கிறேன். கோட்டைக்குள் அந்த அவையில் அமர்ந்து பார்ப்பது மறக்க முடியாத அனுபவம்தான் என்றாலும், கைப்பேசியை வெளியே ஒப்படைத்துவிட்டு, குறிப்பு எடுக்கவும் வழியின்றி, சொன்ன எண்களை நினைவில் வைத்துக்கொண்டே வீடு திரும்ப வேண்டியிருந்தது. நேரலையில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, எண்ணைச் சரிபார்த்து எழுதிக்கொள்ள முடிகிறது. என்னைப் போன்றவர்களுக்கு இதுவே பெரிய வசதி.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. உறுப்பினர் தம் வினாவை முழுவதுமாக வாசிப்பதில்லை. எழுந்து, அன்றைய பட்டியலில் அந்த வினாவுக்கு உள்ள எண்ணைச் சொல்கிறார். அமைச்சர் துறையிலிருந்து அச்சடித்து வந்த விடையை வாசிக்கிறார். இந்த முதல் விடை கோப்பின் குரல். துறையில் பல மேசைகளைக் கடந்து, திருத்தப்பட்டு வருவது. அதன் பின்னர் உறுப்பினர் கேட்கும் துணை வினாவில்தான் அமைச்சர் தாமாகப் பேச வேண்டிய கட்டம் வருகிறது. துறையை நன்கு அறிந்த அமைச்சர் ஒருவர் தாளைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பாலத்துக்கு நிலம் எடுப்பதில் என்ன சிக்கல், எந்த வழக்கு நிலுவையில் உள்ளது, ஒப்பந்தப் புள்ளி எப்போது கோரப்படும் என்று விரல் விட்டுச் சொல்லும்போது, ஓர் அரசு எப்படி இயங்குகிறது என்பதைப் பாடப் புத்தகத்தில் படிப்பதைவிடத் தெளிவாகக் கற்றுக்கொள்கிறோம். நேரலையை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இந்தத் துணை வினாக்கள்தாம்.

ஆயினும் துணை வினாக்களில் கணிசமான பகுதி வினாவாக இருப்பதில்லை. "எங்கள் தொகுதியில் ஒரு தரைப்பாலம் அமைக்க அரசு முன்வருமா என்பதைப் பேரவைத் தலைவர் வாயிலாக அறிய விரும்புகிறேன்" என்பது வடிவத்தில் வினா, உள்ளடக்கத்தில் கோரிக்கை. அதற்கு "நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்று விடை வருகிறது. உறுப்பினரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு சிற்றூருக்குத் தரைப்பாலம் என்பது பிள்ளைகள் மழைக்காலத்தில் பள்ளிக்குப் போவதா இல்லையா என்ற கேள்வி, அதை அவையில் எழுப்புவது அவர் கடமை. என் வருத்தம் வேறு. கோரிக்கைக்குக் கிடைக்கும் விடையில் தேதி இருப்பதில்லை, தொகை இருப்பதில்லை, பொறுப்பான அலுவலர் யார் என்பதும் இருப்பதில்லை. அதே உறுப்பினர் அதே தரைப்பாலத்தைப் பற்றி, "செலவு மதிப்பீடு தயாரிக்கப்பட்ட நாள் எது, அது தற்போது எந்த நிலையில் உள்ளது" என்று கேட்டிருந்தால், ஒரு நாளும் ஒரு நிலையும் அவைக் குறிப்பில் ஏறியிருக்கும். அடுத்த கூட்டத்தொடரில் அதைக் காட்டிக் கேட்கலாம். என் நோட்டில் இப்படித் தேதியோ தொகையோ உள்ள விடைகளுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வருகிறேன்.

இந்த வேறுபாட்டை நான் எங்கள் தெரு வடிகாலின் மூலமாகத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் தெருவின் மழைநீர் உட்புறச் சாலை வடிகாலில் இறங்கி, பிரதான சாலையின் வடிகாலைச் சேர்ந்து, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை அடைந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். உட்புறச் சாலை வடிகால் உள்ளாட்சியின் பொறுப்பு. பிரதான சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறையின் வசம் உள்ளன. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற சதுப்பு நிலம் வனத்துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மடுவும் கால்வாயும் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. ஒரே மழைநீர் கடலுக்குப் போய்ச் சேருவதற்குள் நான்கு துறைகளைக் கடக்கிறது. வினாவோ ஓர் அமைச்சரை நோக்கித்தான் அனுப்பப்படுகிறது. "அந்தப் பகுதியில் வடிகால் பணி நிறைவுற்றது" என்று ஒருவர் சொல்லும் விடை முழு உண்மையாகவே இருக்கலாம். இருந்தும் எங்கள் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கும், ஏனெனில் அந்த வடிகால் அடுத்த துறையின் வடிகாலோடு இணையும் இடத்தில் மண் அப்படியே கிடக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட எங்கள் பகுதி மக்கள் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறந்தால் சாமான்களைப் பரணில் ஏற்றுவது இதனால்தான்.

இது பற்றி நாங்கள் அலுவலகம் ஒன்றுக்கு மூன்று மனுக்கள் கொடுத்தோம். மூன்றுக்கும் "பணி முடிந்துவிட்டது" என்ற ஒரே பதில் வந்தது. பிறகு எங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் போனோம். நாங்கள் எழுதிக்கொண்டு போன வினா முக்கால் பக்கம் இருந்தது. மக்கள் படும் பாடு, அதிகாரிகளின் அலட்சியம், எங்கள் ஆதங்கம் எல்லாம் அதில் இருந்தன. அங்கிருந்த உதவியாளர், இத்தகைய வினாக்களைப் பல ஆண்டுகள் கையாண்டவர், சிவப்புப் பேனாவால் ஏறக்குறைய முழுவதையும் அடித்தார். வினாவில் வாதம் கூடாது, குற்றச்சாட்டு கூடாது, கருத்தும் கூடாது, தகவல் மட்டுமே கேட்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். எஞ்சியது (அ), (ஆ), (இ) என்று மூன்று உட்பிரிவுகள்.

அதில் அவர் சொல்லிக் கொடுத்த ஒரு நுட்பத்தைக் கேள்வி நேரம் பார்க்கும் அனைவரும் தெரிந்துகொள்வது நல்லது. நாங்கள் "(அ) இணைப்புப் பணியை மேற்கொள்ளும் உத்தேசம் அரசுக்கு உள்ளதா, (ஆ) ஆம் எனில், எப்போது" என்று எழுதியிருந்தோம். "இப்படிக் கேட்டால், முதல் பிரிவுக்கு 'இல்லை' என்றும் இரண்டாவதுக்கு 'வினா எழவில்லை' என்றும் விடை வந்துவிடலாம் ஐயா. இரண்டு சொல்லில் கதை முடிந்துவிடும்" என்றார். எனவே வினாவை மாற்றினார்: அந்தச் சாலையில் அமைக்கப்பட்ட வடிகாலின் மொத்த நீளம் எவ்வளவு, அது எந்த இடத்தில் முடிவடைகிறது, முடிவடையும் இடத்துக்கு அப்பால் உள்ள வடிகால் எந்தத் துறையின் பராமரிப்பில் உள்ளது. ஆம், இல்லை என்று சொல்ல முடியாத மூன்று பிரிவுகள். நேரலை பார்க்கும்போது இப்போது நான் முதலில் கவனிப்பது வினா எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான். விடையின் தரத்தில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

வினா கேட்கும் இந்த உரிமை ஒரே நாளில் வந்ததன்று. 1892ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம் உறுப்பினர்களுக்கு வினா எழுப்பும் உரிமையைத் தந்தபோது துணை வினாவுக்கு இடமில்லை. 1909இல் மூல வினாவைக் கேட்டவர் மட்டும் துணை வினா கேட்கலாம் என்றாயிற்று. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகே மற்ற உறுப்பினர்களும் கேட்கும் நிலை வந்தது.

துணை வினாவின் வலிமைக்குச் சென்னைவாசிகள் நாள்தோறும் கடந்து செல்லும் ஒரு பெயரே சான்று. டி.டி.கே. சாலை யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி மத்திய நிதியமைச்சராக இருந்தபோது, 1957இல் எல்.ஐ.சி. நிறுவனம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தனியார் தொழிலதிபரின் நிறுவனங்களில் செய்த முதலீடு பற்றி மக்களவையில் வினா எழுந்தது. தொடர்ந்து வினாக்கள் வந்தன. ஆளும் கட்சியைச் சேர்ந்த பெரோஸ் காந்தியே அதை விடாமல் எடுத்துப் பேசினார். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவி விலகினார். முந்த்ரா விவகாரம் என்று அறியப்படும் இது ஒரு சாதாரண வினாவில் தொடங்கியது என்பதையும், கேட்டவர்கள் எதிர்க்கட்சியினர் மட்டுமல்லர் என்பதையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆளும் கட்சி உறுப்பினர் தம் அமைச்சரிடமே கூர்மையாக ஒரு துணை வினா கேட்கும் நாளில், நேரலையின் முன் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

நாடாளுமன்றத்தோடு ஒப்பிட்டால், இந்தச் சேவை எங்கே வளர வேண்டும் என்பது தெரியும். ஈரவைகளின் கேள்வி நேரம் 1994 டிசம்பரிலேயே தொலைக்காட்சியில் நேரலைக்கு வந்துவிட்டது. மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழி விடைக்கான நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் 20, எழுத்து விடைக்கான குறியிடாத வினாக்கள் 230 வரை பட்டியலிடப்படுகின்றன. அவற்றின் விடைகள் இணையத்தில் கிடைப்பதால், உறுப்பினர் பெயர், அமைச்சகம், நாள் என்று எதை வைத்தும் தேடி எடுக்கலாம். பறக்கும் ரயில் பற்றியோ விமான நிலையம் பற்றியோ எங்களுக்குத் தகவல் வேண்டும்போது இதைப் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். வாய்மொழி வினாக்கள் நாளொன்றுக்குச் சிலவே அவையில் எட்டப்படுகின்றன. எண்கள் உள்ள விடைகள் பெரும்பாலும் எழுத்து விடைகளில்தான் இருக்கின்றன. நம் பேரவையின் காணொளியில் அப்படித் தேடி எடுக்க வழியில்லை. ஒரு மணி நேரப் பதிவில் ஒரு வினாவைத் தேட வேண்டுமானால் ஓட்டி ஓட்டித்தான் பார்க்க வேண்டும். பதிவின் கீழே வினா எண்ணும் அது வரும் நிமிடமும் கொடுக்கப்படுமானால், எங்களைப் போன்ற நூற்றுக்கணக்கான சங்கங்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.

கேள்வி நேரம் முடிந்தபின் நடக்கும் விவாதங்கள் முழுவதையும் நேரலையில் காட்ட வேண்டும் என்ற கோரிக்கை சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. நான் அதை ஆதரிக்கிறேன். துறைவாரியாக நிதி ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை வைத்துக்கொண்டு உறுப்பினர்கள் பேசுவதும், அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானங்களும், அவசரப் பிரச்சினையை அமைச்சரின் கவனத்துக்குக் கொண்டுவரும் கவன ஈர்ப்பும் கேள்வி நேரத்தின் தொடர்ச்சியே. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் கேள்வி நேரமே இல்லாமல் நடந்தது நினைவிருக்கலாம். எழுத்து விடைகள் அவையில் வைக்கப்பட்டன. துணை வினா கேட்க ஒருவருக்கும் வாய்ப்பில்லை. கொரோனா காலத்து மருத்துவமனைப் படுக்கைகள் முதல் புலம்பெயர் தொழிலாளர்கள் வரை கேட்க வேண்டியவை மலைபோல் குவிந்திருந்த நேரம் அது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "செய்து தரப்படும்" என்று அமைச்சர் அவையில் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அது நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. "பரிசீலிக்கப்படும்" என்பதற்கும் "இந்த ஆண்டே செய்து தரப்படும்" என்பதற்கும் உள்ள தூரம் இங்கேதான் புரியும். நேரலையில் வினைச்சொல்லைக் காது கொடுத்துக் கேளுங்கள். நாளையும் வினா எண்ணையும் சரியாகக் குறித்துக்கொண்டு மனுவில் மேற்கோள் காட்டினால், அந்த மனுவை வாங்குகிறவர் நிமிர்ந்து பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை தருவேன். நேரலை வந்ததற்கும், பொதுமக்கள் எளிதில் பார்க்க முடிவதற்கும் மூன்று. நல்ல துணை வினாக்கள் சிலவற்றுக்காக அந்த அரை. தேடும் வசதியும் முழு அவை நேரலையும் வரும் நாளில் மீதியையும் மகிழ்ச்சியோடு தருவேன்.

எங்கள் வினா அவையில் அழைக்கப்படும் வரிசைக்கு வரவில்லை. விடை எழுத்தில் வந்தது. நீளம் மீட்டர் கணக்கில் இருந்தது. முடிவடையும் இடம் இருந்தது. அதற்கு அப்பால் உள்ள பகுதி வேறொரு துறையைச் சேர்ந்தது என்ற வரியும் இருந்தது. மூன்று மனுக்களில் கிடைக்காத அந்த வரியை வைத்து, அந்தத் துறைக்கு அடுத்த வினாவை எழுதி உறுப்பினரிடம் கொடுத்திருக்கிறோம். இந்த முறை தாளின் பின்பக்கத்தில் இரண்டு துணை வினாக்களையும் எழுதியே கொடுத்தோம்.