எந்நேரமும் ஓடும் நெட்: தெருப்பெட்டியா, ஃபைபரா, மொட்டைமாடி 5ஜியா?

போன ஆவணியில் திருச்சி காட்டூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். பால் காய்ச்சிய அன்று மாலையே நெட் கொடுக்க மூன்று பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர், தெருமுனைக் கம்பத்தில் பெட்டி வைத்து அங்கிருந்து லேன் வயரை வீட்டுக்கு இழுத்துத் தருபவர். இன்னொருவர் கேபிள் டிவி நடத்திவந்து இப்போது ஃபைபர் என்கிற கண்ணாடி இழையில் நெட்டும் தரும் உள்ளூர்க்காரர். மூன்றாமவர் மொட்டைமாடியில் வெள்ளைப் பெட்டி மாட்டி 5ஜியில் நெட் தரும் பெரிய நிறுவனத்தின் ஆள், கழுத்தில் அட்டை தொங்கியது. மூன்று பேரும் சொன்னது ஒரே வசனம்: "எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும் சார், நிக்கவே நிக்காது."

நான் ஃபைபரை எடுத்தேன். அதனால் இந்த அலசல் ஃபைபர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன். பழைய வாடகை வீட்டில் நான்கு வருடம் தெருப்பெட்டி இணைப்பு வைத்திருந்தேன். 5ஜி பெட்டி தஞ்சாவூரில் தங்கை வீட்டில் இருக்கிறது. அங்கே போய்த் தங்கி வேலை பார்த்த நாட்கள்தான் அதில் என் அனுபவம்.

எனக்கு வேலை வீட்டிலிருந்துதான். மருத்துவமனை பில்களைச் சரிபார்த்து அமெரிக்காவுக்கு அனுப்புகிற வேலை, பெரும்பாலும் இரவில். இணைப்பு இரண்டு நிமிடம் அறுந்தாலும் அலுவலக வலைக்குள் மறுபடி நுழைய வேண்டும், ஓடிபி வர வேண்டும், பாதியில் நின்ற பில்லை முதலிலிருந்து திறக்க வேண்டும். ஆகவே எனக்கு வேகம் பெரிய விஷயமில்லை. 40, 50 எம்பிபிஎஸ் தாராளம், அதை மூன்றுமே தருகின்றன. மாத வாடகையிலும் பெரிய வித்தியாசமில்லை. ஒரு நாளில் எத்தனை முறை அறுகிறது, அறுந்தால் எத்தனை நேரத்தில் திரும்புகிறது என்பது மட்டும்தான் என் கேள்வி.

'எப்பவும் ஓடும்' என்ற பேச்சு வியாபாரிகள் கண்டுபிடித்ததல்ல. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் திறந்தபோது போனைச் சுழற்றித்தான் உள்ளே போக வேண்டும். வேலை முடிந்ததும் வைத்துவிட வேண்டும். அதற்கு மாற்றாக வந்ததைப் பிரித்துக் காட்டத்தான், 2004-ல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை அதை 'எப்போதும் இணைப்பில் இருக்கும்' தரவு இணைப்பு என்று வரையறுத்தது. குறைந்தபட்ச வேகம் அப்போது 256 கேபிபிஎஸ். 2013-ல் அது 512 ஆனது, 2023-ல் 2 எம்பிபிஎஸ். அதாவது 'எப்பவும்' என்றால் ஒவ்வொரு முறையும் டயல் செய்ய வேண்டாம் என்றுதான் பொருள். அறுபடாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2006-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த சேவைத்தர விதிகளில்கூட இணைப்பு 98 சதவீத நேரம் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 30 நாள் மாதத்துக்கு 720 மணி நேரம். அதில் 2 சதவீதம் என்றால் 14 மணி 24 நிமிடம். மாதத்தில் என் கிட்டத்தட்ட இரண்டு ஷிப்ட் அந்த விதிப்படியே காலி!

சரி, அறுப்பது யார்? பழைய வீட்டில் ஒன்றரை மாதம், நெட் போகும்போதெல்லாம் நேரத்தையும் காரணத்தையும் மகளின் பழைய நோட்டில் குறித்துவைத்தேன். வயர் அறுந்தது, மழை, கம்பெனி சர்வர் என்று அங்கங்கே இருந்தன. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வந்தது ஒரே சொல்: கரண்ட். எங்கள் வீட்டுக் கரண்டும் அல்ல. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, ஃபேன் சுற்றியது, ரவுட்டரில் விளக்குகளும் எரிந்தன. நெட் மட்டும் இருக்காது.

ஒருநாள் பொறுக்காமல் வயரைப் பிடித்துக்கொண்டே தெருமுனை வரை நடந்தேன். கம்பத்தில் துருப்பிடித்த ஒரு தகரப் பெட்டி. உள்ளே எட்டு வயர் சொருகிய ஸ்விட்ச், பக்கத்தில் அடாப்டர். அடாப்டரின் கரண்ட் வயர் சுவர் ஏறி முனை வீட்டு மாடிப் பிளக்குக்குப் போயிருந்தது. அந்த வீட்டுக்காரருக்கு நெட் இலவசமாம், கரண்ட் கொடுப்பதற்குக் கூலியாக. அவர் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. அவர்கள் ஊருக்குப் போனால் மெயினை அணைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் தெருவின் 'எப்பவும்' அவர் வீட்டு மெயின் சுவிட்சில் இருந்தது!

அன்றிலிருந்து எந்த நெட்டைப் பார்த்தாலும் நான் முதலில் எண்ணுவது பிளக்கைத்தான். என் வீட்டுக்கும் அவர்களுடைய ஆபீசுக்கும் நடுவே கரண்ட் குடிக்கிற இடம் எத்தனை? தெருப்பெட்டி இணைப்பில் குறைந்தது மூன்று: என் வீடு, கம்பம், ஆபீஸ். பெரிய தெரு என்றால் பெட்டியிலிருந்து பெட்டிக்குத் தாவி இன்னும் ஒன்றிரண்டு சேரும். எதில் கரண்ட் போனாலும் எனக்கு நெட் போச்சு.

ஃபைபரில் நடுவே பிளக்கே இல்லை. வீடுகளுக்கு வருகிற ஜிபான் வகை ஃபைபரில், ஆபீசில் இருக்கும் ஓஎல்டி பெட்டியிலிருந்து கிளம்பும் ஒளி, வழியில் ஸ்ப்ளிட்டர் என்கிற சின்னக் கண்ணாடிக் கருவியில் 32 அல்லது 64 கிளையாகப் பிரிகிறது. அந்த ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. தண்ணீர்க் குழாய் பிரிவது போலத்தான். பிரிவதற்கு யாரும் ஸ்விட்ச் போட வேண்டாம். ஆக மொத்தம் பிளக் இரண்டே இடம்: அவர் ஆபீஸ், என் வீடு. தெருவே இருண்டு கிடந்தாலும் கண்ணாடிக்குள் ஒளி ஓடும்.

இதில் ஒரு இடக்கும் இருக்கிறது. அந்தக் காலத்து லேண்ட்லைன் கரண்ட் போனாலும் பேசும், நினைவிருக்கிறதா? எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரி 48 வோல்ட்டைச் செம்புக் கம்பி வழியாகவே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கரண்ட் கவலை அவர்களுடையது. கண்ணாடிக்குக் கரண்ட் கடத்தத் தெரியாது. அதனால் ஃபைபர் வந்ததும் பாதிக் கவலை சத்தமில்லாமல் நம் வீட்டுக்கு மாறிவிட்டது. யாரும் இதைச் சொல்லி விற்பதில்லை. மோடத்தைச் சுவரில் மாட்டி, 'ஸ்பீடு டெஸ்ட் பாருங்க சார்' என்று காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தப் பாதிக்கு நான் செய்தது சொற்பம். மோடம் இன்வெர்ட்டர் லைனில்தான் இருந்தது. ஆனாலும் கரண்ட் போகிற நொடியில் அணைந்து எழுந்தது. எழுந்து விளக்குகள் சரியாக இரண்டு மூன்று நிமிடம், எனக்கு மறுபடி ஓடிபி. இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், யுபிஎஸ் மோடு என்று. அது நார்மலில் இருந்தால் மாறுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்; ஃபேனுக்குத் தெரியாது, மோடத்துக்குத் தெரியும். அதை யுபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டதும் பெரும்பாலும் சரியானது. பிறகு மோடத்துக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் என்கிற சின்னப் பேட்டரிப் பெட்டி ஒன்றும் வாங்கினேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெட்டியில் பேட்டரியின் கொள்ளளவு 8800 எம்ஏஎச் என்று போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, 12 வோல்ட்டின் கணக்கு அல்ல. பெருக்கிப் பார்த்தால் சுமார் 32 வாட் மணி. மோடம் 8 வாட் இழுத்தால் நான்கு மணி நேரம் வர வேண்டும். சேதாரம் போக மூன்றேகால், மூன்றரை வந்தால் நல்ல சரக்கு. கடைக்காரர் எட்டு மணி நேரம் என்றால் சிரித்துவிட்டு வாங்குங்கள். இங்கே மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9.45-க்குக் கரண்டை நிறுத்தினால் மாலை 4 மணிக்குத்தான் தருவார்கள். அன்றைக்கு மினி யுபிஎஸ் மட்டும் போதாது, இன்வெர்ட்டர்தான் கை கொடுக்கும்.

மறுமுனைப் பிளக்? அதையும் விடவில்லை. ஃபைபர்காரரிடம் ஸ்பீடு, ஓடிடி எதுவும் கேட்காமல், "அண்ணே, உங்க ஓஎல்டிக்கு பேக்கப் எவ்வளவு நேரம்?" என்றேன். ஒரு நொடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்க, காட்டுறேன்" என்று அவர் வீட்டு மாடிக்கே கூட்டிப்போனார். ஓட்டமாய் ஓடுகிற டேபிள் ஃபேன், அதன் எதிரே ஓஎல்டி, கீழே நான்கு பெரிய பேட்டரி, படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஜெனரேட்டர். "நாலு மணி நேரம் பேட்டரி தாங்கும் தம்பி. அதுக்கு மேல போனா இதை இழுத்து விட்ருவேன்." அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டேன். நெட் எடுக்கும் யாரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன். பதில் தெரியாமல் விழிப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஃபைபரின் பலவீனம் தெரிந்ததே, அறுபடும். கார்த்திகை மாதம் வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி ஒன்று எங்கள் தெருவின் குறுக்கே போன வயரை வாரிக்கொண்டு போனது. மோடத்தில் சிவப்பு விளக்கு. போன் போட்டால் முதல் கேள்வியே, "லாஸ் லைட் எரியுதாண்ணே?" எரிந்தால் ஒளி வரவில்லை, வயர் கோளாறு, ரீஸ்டார்ட் போட்டுப் பிரயோஜனமில்லை. மதியம் சொன்னேன், இருட்டிய பிறகு பையன் வந்தான். பைக் சீட்டின் மேல் ஸ்ப்ளைசிங் மெஷினை வைத்து, நான் போன் டார்ச் பிடிக்க, முடியைவிடச் சற்றே தடித்த இரண்டு இழைகளைத் துடைத்து, நறுக்கி, எதிரெதிரே வைத்தான். குட்டித் திரையில் இரண்டும் தூண்கள் மாதிரி பெரிதாகத் தெரிந்தன. ஒரு பொறி, ஒட்டிக்கொண்டது. ஒளியின் பலத்தை அளக்கும் மீட்டரில் மைனஸ் 21 காட்டியது. "மைனஸ் 27-க்குக் கீழ போனாத்தான் தொந்தரவுண்ணே" என்று சொல்லிக் கிளம்பினான். அரை நாள் வேலை போனது உண்மை. ஆனால் வந்தது பக்கத்துத் தெருப் பையன். இதற்கு முன் பெரிய நிறுவனம் ஒன்றின் ஃபைபர் வைத்திருந்த நண்பருக்கு, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்த கதையை அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உள்ளூர்க்காரரிலும் ஒரு சங்கடம் உண்டு: அவருக்கு மேலிருந்து வரும் லைன் அறுந்தால் காட்டூர் பாதி சேர்ந்து படுத்துவிடும், அவரும் நம்மைப் போலக் காத்திருக்க வேண்டியதுதான்.

இனி 5ஜி. 2023-ல் ஏர்டெல்லும் ஜியோவும் அடுத்தடுத்து இந்த வீட்டு 5ஜி நெட்டைத் தொடங்கின. ஜியோ அந்த செப்டம்பரில் தொடங்கிய 8 நகரங்களில் சென்னையும் ஒன்று. தங்கை வீட்டுப் பெட்டி எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே வேண்டாம். தெருவில் அறுபட வயரே இல்லை. லாரியும் அணிலும் ஜேசிபியும் ஒன்றும் செய்ய முடியாது. பிளக் கணக்கிலும் இது மோசமில்லை. வீட்டில் ஒன்று, டவரில் ஒன்று. மாடிப் பெட்டிக்கான கரண்ட் கீழே இருந்து லேன் வயரிலேயே ஏறிவிடுகிறது. டவர்களில் பேட்டரி இருக்கும், பலவற்றில் டீசல் ஜெனரேட்டரும் இருக்கும். சாதாரண ஒரு மணி, இரண்டு மணி நேரக் கரண்ட் கட்டை அது சிரமமில்லாமல் தாண்டியதைப் பார்த்தேன்.

என்னை யோசிக்க வைத்தது வேறு. அறுபடவில்லை, ஆனால் மாலை எட்டு மணிக்கு மேல் இழுத்தது. வீடியோ அழைப்பில் எதிராளியின் வாய் முதலில் அசைந்தது, சொல் பிறகு வந்தது. அது அந்த டவரில் இருந்த கூட்டமா, எதிர் வீட்டில் எழும்பிக்கொண்டிருந்த இரண்டாம் மாடியா, தெரியவில்லை. நான் இருந்தது பதினைந்து நாளுக்குள். அதை வைத்து 5ஜி இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். டவரிலும் பேட்டரிதான், டீசல்தான். கரண்ட் நாள் கணக்கில் வராமல் போனால் எது எவ்வளவு தாங்கும் என்பதை நான் எந்த இணைப்பிலும் சோதித்ததில்லை. 2018 கஜா புயலில் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பம் சாய்ந்தது. அந்த மாதிரி ஒரு வாரத்தில் என் மினி யுபிஎஸ் கணக்கெல்லாம் செல்லாது.

வாடகை வீடு, சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார், அல்லது ஃபைபர் இன்னும் வராத புது நகர் என்றால் 5ஜியே எடுங்கள். தெருப்பெட்டி லேன் வயரை, அந்தப் பெட்டிக்குக் கரண்ட் எங்கிருந்து போகிறது என்று கண்ணால் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

சிசிடிவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இணைப்பு ஓடிக்கொண்டிருந்தாலும் வெளியூரிலிருந்து வீட்டு ரெக்கார்டருக்குள் நேராக நுழைய முடியாமல் போகலாம். ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுத் தருவது இப்போது சகஜம். தனி ஐபி வேண்டுமென்றால் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

நேற்று ராத்திரி எங்கள் ஃபைபர்காரரின் வாட்ஸ்அப் குழுவில் வந்த தகவல்: "நாளை காட்டூர் பவர் ஷட்டவுன். 9.45 டு 4. நம்ம சைடு ஓஎல்டி ஓடும். உங்க மோடத்தை நீங்க பாத்துக்கங்க."