கார் கதவில் துரு: பட்டியா, ஒட்டுத் தகடா, புதுப்பேட்டைக் கதவா?

எங்கள் மாருதி 800, 1998 மாடல். திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்துத் தெருவிலேயே அதன் காலம் முழுக்கக் கழிந்தது. ஒருநாள் கழுவும்போது டிரைவர் பக்கக் கதவின் கீழ் ஓரத்தில் பெயின்ட் நாலைந்து இடத்தில் மிளகளவு உப்பியிருப்பதைப் பார்த்தேன். நகத்தால் கீறினால் பழுப்புத் தூள் உதிர்ந்தது. ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து லேசாக அழுத்தினேன். உள்ளே போய்விட்டது.

கதவில் துரு வெளியே தெரிகிறதென்றால், உள்ளே அது எப்போதோ ஆரம்பித்துவிட்டது. மழைத் தண்ணீர் கண்ணாடியோடு வழிந்து, ரப்பர் பீடிங்கைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கும். இறங்குவதில் தப்பில்லை, அது வெளியேற அடியில் சின்ன ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டைகள் அடைத்துக்கொண்டால்தான் வினை. போதாததற்கு, வெளித் தகட்டை உள்தகட்டின் விளிம்பைச் சுற்றி மடித்து அமுக்கியிருப்பார்கள். அந்த மடிப்புக்குள் புகுந்த ஈரம் லேசில் காயாது. கடற்கரை ஊரில் அந்த ஈரத்தில் உப்பும் இருக்கும்.

அதனால் தகட்டு வேலை செய்யும் டிங்கர் கடைக்குப் போவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதியில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடி தளரும் இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பிச் சமமாக்கப் பூசும் பசை, இருக்கிறது. எங்கள் கதவில் முன்பாதி நன்றாகப் பிடித்தது. பின்பாதியில் ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் நிற்காமல் வழுக்கியது. முன்பு யாரோ துருவைப் பட்டியால் மூடியிருக்கிறார்கள்.

இரண்டாவது, கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றுவது. ஸ்க்ரூவை எடுத்து, கிளிப்புகளை நெம்பினால் வந்துவிடும். பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் உரித்து, டார்ச்சும் செல்போன் கேமராவும் விட்டுப் பாருங்கள். நான் பார்த்தபோது அடியில் வேப்பம்பூவும் மண்ணும் சேர்ந்து களியாகப் படிந்திருந்தது. கீழே ஓட்டையில் கம்பியை விட்டுக் குத்தியதும் காப்பி நிறத்தில் அரை டம்ளர் தண்ணீர் வடிந்தது. மழை பெய்து அப்போது ஒன்பது நாள் ஆகியிருந்தது.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

பட்டி அடித்துப் பெயின்ட் போடுவதுதான் இருப்பதிலேயே மலிவு, ஒரே நாளில் முடியும். துருப்பிடித்த தகட்டின்மேல் அதை நான் ஒருபோதும் செய்யமாட்டேன். பின்பக்கத்து ஈரத்தைப் பட்டி தடுக்காது, தானே உறிஞ்சும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், பட்டியை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே வரும். விற்கப்போகிற வண்டிக்கு இது போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அது வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம். நல்ல தகட்டின்மேல், வெல்டிங் தழும்பை மறைக்க மெல்லிசாகப் பூசுவதற்குத்தான் பட்டி.

ரஸ்ட் கன்வர்ட்டர் திரவங்களில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். துருவோடு வினைபுரிந்து கறுத்த படலமாக மாற்றிவிடும். மேலாகப் படிந்த துருவுக்கு நன்றாக வேலை செய்யும். செதிலாக உரிகிற துருவுக்கோ மடிப்பின் உள்பக்கத்துக்கோ அது எட்டாது. ஓட்டையை அடைக்கவும் செய்யாது. கதவின் உள்முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் பூசிக்கொள்ளலாம்.

ஆக, உண்மையான போட்டி ஒட்டுத் தகட்டுக்கும் வேறு கதவுக்கும்தான்.

ஒட்டுத் தகடு என்றால் ஓட்டையை மட்டும் மூடுவதில்லை. பளபளவென்று நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். ஐந்து பைசா அளவு ஓட்டைக்கு ஒரு சாண் தகடு போகலாம், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். கதவுத் தகடு ஏறக்குறைய 0.7 மி.மீ. கனம்தான். கேஸ் வெல்டிங் சூட்டில் அது நெளிந்துவிடும், அந்த நெளிவை மறைக்க மறுபடி பட்டி. சிஓடூ வெல்டிங் (கார்பன் டை ஆக்சைடு வாயுவின் பாதுகாப்பில் மின்சாரத்தால் பற்றவைப்பது) இருக்கும் பட்டறையாகப் பார்த்து, ஒரே கோடாக இழுக்காமல், இங்கே ஒரு புள்ளி, எதிர்முனையில் ஒரு புள்ளி என்று ஆறவிட்டு வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியை முன்னதாகவே கழற்றிவிடுங்கள், பொறி தெறித்தால் அதில் புள்ளி புள்ளியாகப் பதியும். முக்கியமான விஷயம் இனிமேல்தான். வெல்டிங் சூட்டில் தகட்டின் பின்பக்கத்துப் பெயின்ட் எரிந்து இரும்பு வெறுமையாக நிற்கும். வெளியே மட்டும் பிரைமர் அடித்து அனுப்பினால், அடுத்த துரு அங்கேதான் தொடங்கும். உள்ளே எபாக்சி பிரைமர் அடிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். சங்கடப்பட வேண்டாம்.

சென்னையில் பழைய கதவு என்றால், பழைய வண்டிகளின் உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. வெட்டி ஒட்டும் வேலை இல்லை, கம்பெனி மடிப்பு அப்படியே இருக்கும். ஆனால் அந்தக் கதவும் ஏதோ ஒரு மழையில் நனைந்ததுதான். காந்தத்தைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். கதவைத் தலைகீழாகத் திருப்பி, அடி ஓட்டைகளையும் கீல் பிடிக்கும் இடத்தையும் பாருங்கள். குலுக்கினால் உள்ளே சரசரவென்று செதில் உருள்கிறதா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்தபிறகும் வேலை உண்டு. பழைய பூட்டை மாற்றிப் போட்டால்தான் எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி. கீலைத் தளர்த்தி இடைவெளி சமமாக நிற்கும்வரை ஏற்றி இறக்க வேண்டும். அப்புறம் கதவு முழுக்கப் பெயின்ட். வெயிலில் வெளுத்த வண்டிக்கு நிறம் சேர்ப்பது பெரும்பாடு.

என் கணக்கு இதுதான். துரு கீழ் ஓரத்து வெளித் தகட்டோடும் மடிப்போடும் நிற்கிறதென்றால் ஒட்டுத் தகடு. உள்தகடோ, கீல் பிடிக்கும் பக்கமோ, பூட்டு உட்காரும் இடமோ அரித்திருந்தால் வேறு கதவு, தயங்கவே வேண்டாம். எங்கள் வண்டியில் இரண்டுமே நடந்தது. டிரைவர் பக்கம் ஒட்டுத் தகட்டோடு தப்பியது. இடப்பக்கக் கதவில் கீழ்க் கீலுக்குப் பக்கத்தில் உள்தகடு அப்பளமாக நொறுங்கியதால் புதுப்பேட்டைக்குப் போனோம்.

எந்த வழியானாலும் முடித்த கையோடு மடிப்புக்குள் மெழுகு ஸ்பிரே அடித்துவிடுங்கள். வண்டி அடியில் பூசும் கெட்டித் தார்க் கோட்டிங்கைக் கதவுக்குள் விடாதீர்கள், ஓட்டையை அதுவே அடைத்துவிடும். பீடிங் புதிதாகப் போடுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டை ஓரம் விடாமல் ஒட்டுங்கள்.

போன வாரம் மழை விட்டதும் கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன். அடி ஓட்டைகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர்.