ஸ்கூபாவா, ஃப்ரீடைவிங்கா: காதை வைத்து நான் எடுத்த முடிவு

கடலுக்குள் இறங்க ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். சிலிண்டர் கட்டிக்கொண்டு ஸ்கூபா போகலாமா, இல்லை ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு முங்கும் ஃப்ரீடைவிங் கற்றுக்கொள்ளலாமா? வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில் என்பதால் இரண்டையும் அடுத்தடுத்து செய்து பார்க்க எனக்கு வாய்ப்பு கிடைத்தது. கடைசியில் ஸ்கூபாவில் நின்றுவிட்டேன். அதனால் இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கட்டும்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். செலவு ஸ்கூபாவில் பல மடங்கு அதிகம். சுமையும் அதிகம், சிலிண்டர், ஜாக்கெட், ஈயக்கட்டி எல்லாம் சேர்த்துப் படகில் எழுந்து நிற்பதே ஒரு வேலை. ஃப்ரீடைவிங்குக்கு மாஸ்க், காலில் மாட்டும் நீளமான ஃபின்ஸ், இடுப்பு பெல்ட் இருந்தால் போதும். சத்தமில்லாமல் இறங்குவதால் மீன் விலகி ஓடாது. ஸ்கூபாவில் ஒவ்வொரு மூச்சுக்கும் குமிழி கடகடவென்று மேலே போகும். ஆனால் முக்கால் மணி நேரம் கீழேயே இருந்து ஒரு களவாய் மீன் பொந்திலிருந்து எட்டிப் பார்ப்பதைப் பொறுமையாகப் பார்க்கலாம். இதெல்லாம் அவரவர் ருசி.

நான் முடிவெடுத்தது இவை எதையும் வைத்து அல்ல. காதை வைத்து.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கரையில் 1, பத்து மீட்டரில் 2, இருபதில் 3. உடம்பின் பெரும்பகுதி நீரும் சதையும்தான், அதை அழுத்தம் ஒன்றும் செய்யாது. காற்று அடைந்திருக்கும் இடங்களில்தான் பிரச்சினை: நடுக்காது, சைனஸ், நுரையீரல், மாஸ்க்குக்குள் இருக்கும் இடம், சிலருக்குச் சரியாக அடைக்காத பல்லுக்குள் இருக்கும் சின்ன ஓட்டை. அழுத்தம் இரட்டித்தால் காற்றின் கன அளவு பாதியாகும் என்பது 1662-லேயே ராபர்ட் பாயில் எழுதி வைத்த விதி. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மேலிருந்து 10 மீட்டர் போவதற்குள் காற்று பாதியாகிவிடுகிறது, ஆனால் 10-லிருந்து 20 போகும்போது பாதி என்பது மூன்றில் ஒன்றாகத்தான் குறைகிறது. அதாவது காதுக்கு அதிக வேலை ஆழத்தில் இல்லை, முதல் பத்து மீட்டரில்தான். “சும்மா ஆறு மீட்டர்தானே” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நடுக்காதுக்குள் காற்று சுருங்கும்போது செவிப்பறை உள்ளே இழுக்கப்படும். அதைச் சமப்படுத்த மூக்கின் பின்பக்கத்திலிருந்து காதுக்குப் போகும் யூஸ்டேஷியன் குழாய் வழியாகக் காற்றை அனுப்ப வேண்டும், டைவர்கள் ஈக்வலைஸ் பண்ணுவது என்பார்கள். இந்தக் குழாய்க்கு ஒரு குணம் உண்டு. உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் சிறிதாக இருக்கும்போது லேசாகச் சொன்னாலே திறக்கும். பிபி பார்க்கும்போது சொல்கிறார்களே, அந்த மில்லிமீட்டர் கணக்கில் ஏறக்குறைய 90 வந்துவிட்டால் அதன் வாய் இறுகி ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு ஊதினாலும் திறக்காது. 90 என்பது கடலில் வெறும் ஒன்றேகால் மீட்டர் வித்தியாசம், ஒரு சின்னப் பையனின் உயரம்கூட இல்லை. அதையும் தாண்டிப் பிடிவாதமாக இறங்கினால் செவிப்பறையில் ரத்தம் கட்டும், பிறகு கிழியும். கிழிந்து குளிர்ந்த நீர் உள்ளே போனால் தலை சுற்றி மேல் கீழ் தெரியாமல் போய்விடும், தண்ணீருக்கடியில் அதைவிட ஆபத்தான நிலைமை குறைவு.

இது எனக்கு நடந்தது ஃப்ரீடைவிங்கில். நீச்சல் குளத்தில் ஒரு நாள், அப்புறம் கடலில் மிதவையிலிருந்து தொங்கும் கயிற்றில் ஒரு நாள். மாசி மாதம், தண்ணீர் தெளிவாகவே இருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே சைனஸ் தொல்லை, இடது பக்கம் எப்போதும் கொஞ்சம் அடைப்பாகவே இருக்கும். குளத்தில் மூன்று மீட்டர் சுலபமாகப் போனது, அந்தத் தைரியத்தில் கடலில் தலைகீழாகக் கவிழ்ந்து இறங்கினேன். ஐந்து மீட்டர் வரை இரண்டு காதும் திறந்தன. அப்புறம் வலது காது மட்டும். இடது காதில் ஊசி குத்துவது போல ஆரம்பித்தது, இன்னும் ஒரே ஒரு தடவை ஊதினால் திறந்துவிடும் என்று நினைத்து மூக்கைப் பிடித்துப் பலமாக ஊதினேன், அதற்குள் ஃபின்ஸ் இன்னும் ஒன்றரை மீட்டர் கீழே கொண்டுபோய்விட்டது. உள்ளே ‘டக்’. மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றினால் மூக்கிலிருந்து ஒழுகிய சளியில் ரத்தக் கோடு. காதில் பஞ்சு அடைத்த மாதிரி, என் குரலே எனக்குக் குடத்துக்குள்ளிருந்து கேட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, கிழியவில்லை, ரத்தம் கட்டியிருக்கிறது, மூன்று வாரம் தண்ணீர் பக்கமே போகக்கூடாது என்றார். தப்பு சொல்லிக் கொடுத்தவர்கள் மேல் இல்லை, வலித்தால் திரும்பு என்று படகில் இரண்டு முறை சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அந்த மூன்று வாரமும் யோசித்தேன். ஃப்ரீடைவிங்கில் நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் வேகத்தில் இறங்குகிறோம். காற்று பாதியாகச் சுருங்கும் அந்தப் பத்து மீட்டரைப் பத்துப் பன்னிரண்டு நொடியில் கடக்க வேண்டும், ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு தடவை காது திறக்க வேண்டும். தலைகீழாக இருப்பதால் முகத்திலும் தொண்டையிலும் ரத்தம் தேங்கி, குழாயின் வாய் இன்னும் வீங்கிக்கொள்கிறது. வயிற்றிலிருந்து காற்றைத் தள்ளும் சாதாரண வழி, அதாவது மூக்கைப் பிடித்து ஊதுவது, தலைகீழில் சரியாக எடுபடாது. நாக்கை அண்ணத்தில் பிஸ்டன் மாதிரி அழுத்தித் தள்ளும் ஃப்ரென்செல் முறை வேண்டும். அது சிலருக்கு ஒரே நாளில் வரும், சிலருக்கு மாதக்கணக்கில் பழக வேண்டும். காது அடம்பிடித்தால் நின்று யோசிக்க வழியில்லை, மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. திரும்பி மேலே வந்துவிட வேண்டியதுதான்.

ஒன்றரை மாதம் கழித்து அதே காது, அதே சைனஸோடு ஸ்கூபாவில் இறங்கினேன். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால் கீழே, தலை மேலே. மூன்று மீட்டரில் இடது காது வழக்கம்போல் அடைத்துக்கொண்டது. உள்ளங்கையை விரித்து இப்படி அப்படி ஆட்டி, விரலால் காதைக் காட்டினேன். கூட இறங்கியவர் தலையசைத்து, ஒரு மீட்டர் மேலே வா என்று கை காட்டினார். வந்தேன். தாடையை முன்னே தள்ளி, மூக்கைப் பிடித்து எச்சில் விழுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. தலையை வலது தோள் பக்கம் சாய்த்து இடது கழுத்தை நீட்டி மறுபடியும் விழுங்கினேன், லேசாக ஊதினேன். இப்படியே நான்கு நிமிஷம் போயிருக்கும். கயிற்றில் படிந்திருந்த பாசியைப் பார்த்துக்கொண்டே மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று பழைய கதவுக் கீல் போல ஒரு கிரீச், காது திறந்துவிட்டது. அதற்கப்புறம் புதுச்சேரியில் டெம்பிள் ரீஃப் என்று சொல்லும் செயற்கைத் திட்டுவரை, சுமார் 18 மீட்டர், எந்தத் தொல்லையும் இல்லை. அந்த நான்கு நிமிஷத்தைச் சிலிண்டர் வாங்கிக் கொடுத்தது. நான் ஸ்கூபாவுக்குக் கொடுக்கும் பணம் அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

மேலே வரும்போதும் இதே கதைதான். இறங்கும்போது அடைப்பதைவிட மோசமானது, ஏறும்போது உள்ளே விரியும் காற்று வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்வது. சளியோடு மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு, மருந்தின் வேலை பாதியில் தீர்ந்துபோனால் இது வரும். சிலிண்டர் இருந்தால் ஒரு மீட்டர் இறங்கிக் காத்திருந்து மெதுவாக வரலாம். ஒரே மூச்சில் போனவர் வலியோடு வந்துதான் ஆக வேண்டும். சளி இருந்தால் இரண்டுக்குமே போகாதீர்கள், முன்பணம் போனால் போகட்டும்.

தேவனாம்பட்டினத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், வலை கல்லில் மாட்டினால் முங்கி எடுத்துக் கொடுப்பார். காது வலிக்காதா என்று கேட்டேன். “சின்ன வயசுல ஒருதரம் டப்புன்னு வுட்டுது தம்பி, ரத்தம் வந்துச்சு. அதுக்கப்புறம் வலி கெடயாது. ஆனா இந்தக் காதுல பாதிதான் கேக்கும்” என்றார். அவர் பிழைப்புக்காகக் கொடுத்தது அது. பொழுதுபோக்குக்குப் போகிற நாம் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, ஸ்கூபாவுக்கு விலை இல்லையா? இருக்கிறது. காதைக் காப்பாற்றும் அதே சிலிண்டர் வேறு இரண்டு கவலைகளைக் கொண்டுவருகிறது.

ஒன்று நுரையீரல். பத்து மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரட்டிப்பாகும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழிந்து காற்று ரத்தத்தில் கலக்கும், மூளைக்கும் போகலாம். ஆழமான இடத்தில்தான் இது நடக்கும் என்றில்லை, நீச்சல் குளத்து ஆழமே போதும். அதனால்தான் ஸ்கூபாவின் முதல் பாடம் மூச்சை நிறுத்தாதே என்பது. ஃப்ரீடைவருக்கு இந்தப் பயம் இல்லை. கரையில் இழுத்த மூச்சு கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் விரிகிறது.

இரண்டாவது நைட்ரஜன். அழுத்தத்தில் சுவாசிக்கச் சுவாசிக்க அது ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. சோடா பாட்டிலை வேகமாகத் திறந்தால் நுரைப்பது போல, அவசரமாக மேலே வந்தால் குமிழியாகி மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுவிடும், பெண்ட்ஸ் என்பது இதுதான். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து 1908-ல் வெளியிட்ட அட்டவணைகளிலிருந்துதான் படிப்படியாக ஏறும் வழக்கம் வந்தது. இப்போது நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமில்லாமல் ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்கிறோம்.

நம் ஊருக்கு வருகிறவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கை. ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பது பொதுவான வழிகாட்டல், 600 மீட்டர் உயரத்துக்கு மேலேயே இது பொருந்தும். பெங்களூரு இருப்பது சுமார் 900 மீட்டரில். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு டைவ் முடித்து, பிரியாணி சாப்பிட்டு, மாலையே திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகக் காரில் ஏறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து டைவை சனிக்கிழமை வைத்துக்கொண்டு ஞாயிறு கிளம்புங்கள். ஏற்காடு, ஊட்டி என்றால் இன்னும் கண்டிப்பாக.

ஃப்ரீடைவிங்கில் சாதாரணமாகச் சில முறை இறங்குவதற்கு நைட்ரஜன் கவலை இல்லை. விடாமல் ஆழமாக முங்கிக்கொண்டே இருந்தால் அங்கும் வரும், பசிபிக்கில் டுவாமோட்டு தீவுகளின் முத்துக்குளித்தவர்களுக்கு வந்த அந்த நோய்க்கு அவர்கள் மொழியில் தாராவானா என்று பெயரே உண்டு. ஆனால் ஃப்ரீடைவிங்கின் உண்மையான ஆபத்து மயக்கம். கீழே அழுத்தம் இருக்கும்வரை மிச்சமிருக்கும் ஆக்சிஜன் மூளைக்குப் போதுமாக இருக்கும், கடைசிப் பத்து மீட்டரில் அழுத்தம் பாதியாக, ஆக்சிஜனின் பலமும் பாதியாகி, நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நினைவு தப்பும். முன்னால் வேக வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கினால் இன்னும் மோசம், மூச்சு முட்டும் எச்சரிக்கையே வராது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில், முங்குகிறவரின் கயிற்றை மைத்துனன்தான் பிடிப்பான் என்று சொல்வார்கள், தங்கை தாலி பாக்கியம் அவன் கையில் என்பதால். கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் ஃப்ரீடைவிங் இறங்கவே கூடாது.

நான் போன அதிகபட்ச ஆழம் ஸ்கூபாவில் 18 மீட்டர், ஃப்ரீடைவிங்கில் காது ‘டக்’ என்ற அன்று போன எட்டு மீட்டர்தான். 30 மீட்டருக்கு அருகில் நைட்ரஜன் போதை போல் தலைக்கேறும் என்பதெல்லாம் பாடத்தில் படித்தது, அனுபவித்துச் சொல்லவில்லை. காது நன்றாகத் திறக்கிறவர்களுக்கு என் கணக்கு அப்படியே தலைகீழாகலாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கரையில் மூக்கைப் பிடித்து எச்சில் விழுங்கிப் பாருங்கள். இரண்டு காதும் ஒரே நேரத்தில் ‘டிக்’ என்றால் உங்களுக்கு ஃப்ரீடைவிங் கதவு திறந்தே இருக்கிறது. ஒரு காது பின்தங்கினால் என் பக்கம் வாருங்கள்.

அக்கா பையன் சிதம்பரத்தில் படிக்கிறான், அவனுக்கு மூக்கைத் தொடாமலே காது திறக்கும். அவனை ஃப்ரீடைவிங்கில்தான் சேர்த்துவிட்டேன். போன பங்குனியில் ஒரே படகில் போனோம். நான் மூன்று மீட்டரில் கயிற்றைப் பிடித்து இடது காதுக்காகக் காத்திருந்தபோது, பக்கத்து மிதவைக் கயிற்றில் அவன் தலைகீழாக என்னைத் தாண்டி இறங்கினான். கீழே பச்சை மங்கலில் அவன் ஃபின்ஸ் மறைந்து, மறுபடி தெரிந்து, என் உயரத்துக்கு வந்து, மேலே காத்திருந்த அவன் ஜோடியிடம் சேர்ந்தது. அப்போதுதான் என் காதில் அந்தக் கிரீச். நான் இறங்க ஆரம்பித்தேன்.